ஒரு டின் முந்திரி எத்தனை கிராம்?

பத்தாங் பெர்ஜுந்தாய்: ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என மாறினாலும் பாட்டிமாரின் பலகாரக் கணக்கு மாறவில்லை. அவர்கள் சொல்வது சுப்பாக், பால் டின். கடையில் முந்திரி விற்பதோ கிலோவில். தீபாவளிக்கு ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு தவறினால் கைக்காசு போய்விடும்.

சுப்பாக் என்பது கொள்ளளவு. 4 சுப்பாக் சேர்ந்தது 1 கந்தாங். 1 சுப்பாக் ஏறக்குறைய 1.14 லிட்டர். காத்தி என்பது எடை. சுமார் 605 கிராம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வீட்டு டின்னின் அளவை அறிய, காலி டின்னைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, தண்ணீர் நிரப்புங்கள். 300 கிராம் காட்டினால் அது 300 மில்லிலிட்டர் டின்.

முழு முந்திரி, பாதாம், நிலக்கடலைக்கு அந்த எண்ணை 0.6 ஆல் பெருக்குங்கள்: சுமார் 180 கிராம். பருப்புகளுக்கு இடையே காற்று நிற்பதால் தண்ணீரைவிட எடை குறைகிறது. ஒரு சுப்பாக் என்றால் சுமார் 680 கிராம்.

தளர்வாக அள்ளிய பாதாம் பொடிக்கு 0.4 ஆல் பெருக்க வேண்டும்: 120 கிராம்தான். ஆகவே, அளந்துவிட்டுப் பொடிப்பதா, பொடித்துவிட்டு அளப்பதா என்று முதலில் கேளுங்கள். 20 டின் போடும்போது வித்தியாசம் 1.2 கிலோ!

பருப்பின் பருமனுக்கேற்ப எடை சற்றுக் கூடும், குறையும். வீட்டுப் பெரியவர்கள் அளக்கும்போதே ஒருமுறை நிறுத்துப் பார்த்து எழுதி வைத்துவிட்டால், அவர்களின் கைப்பக்குவம் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.