வெயில் எடுக்கும் இலைப்படம்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு போட்டுத் தேய்த்தால் கறை போகாது, சிவந்துபோகும். அதே சட்டையை அலசி நல்ல வெயிலில் உலர்த்தினால் சாயங்காலத்துக்குள் கறை வெளுத்துவிடும். துணி துவைக்கிற எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம் இது. இந்த இரண்டையும் மஞ்சள் பூசிய ஒரு காகிதத்தின்மேல் வரிசை மாற்றி, முதலில் வெயில், பிறகு சோப்புக்குப் பதில் சோடா என்று செய்தால் ஒரு படம் கிடைக்கும். கேமரா வேண்டாம், மை வேண்டாம். பாட்டிக்கோ பள்ளி டீச்சருக்கோ பிள்ளை தன் கையாலேயே கொடுக்கத் தகுந்த பரிசு அது.

வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்களுக்குக் கைவினை என்றாலே ஒரு தயக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும், வீடெல்லாம் பசையும் மினுமினுப்புத் தூளும் ஆகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். இந்த மஞ்சள் படத்தில் நீண்ட நேரம் பிடிக்கிற வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது. ராத்திரி கொஞ்ச நேரம், காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் என்று நாம் கொடுத்தால் போதும். நடுவில் நாம் ஆபீஸில் இருக்கலாம்.

ராத்திரி வேலை பெரியவர்களுடையது. ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளில் மூன்று நான்கு ஸ்பூன் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்றிக் கலக்கித் தெளியவிட வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும்; தண்ணீர் போன்ற சானிடைசரும் ஆகும். எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படியில் செய்யக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். தெளிந்ததைத் துணியில் வடிகட்டி, கெட்டியான வெள்ளைத் தாளில் பிரஷ்ஷால் பூசி, வெளிச்சம் படாத இடத்தில் உலர்த்திவிடலாம். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்ட கரைவதேயில்லை, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால்தான் ஸ்பிரிட். தண்ணீரில் குழைத்துப் பூசினால் தாளில் ஒட்டுவது பெரும்பாலும் மாவுத்தூள், காய்ந்ததும் உதிரும்.

காலை வேலை பிள்ளையுடையது. வேப்பிலையோ முருங்கை இணுக்கோ கறிவேப்பிலையோ, முந்தின நாளே செய்தித்தாளுக்குள் வைத்துத் தட்டையாக்கியது, தாளின்மேல் எப்படி வேண்டுமானாலும் அடுக்கட்டும். மேலே ஒரு கண்ணாடி. பழைய போட்டோ பிரேம் இருந்தால் இன்னும் வசதி, காற்றில் பறக்காது. மொட்டை மாடியில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். சித்திரை, வைகாசி வெயிலில் சில மணி நேரமே போதும். மூட்டமாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

சாயங்காலம் இலையை எடுத்தால், இலை இருந்த இடம் மஞ்சளாகவும் மற்ற இடம் வெளிறியும் இருக்கும். அந்த மங்கலான படத்தின்மேல் ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து பிரஷ்ஷால் தடவினால் இலை வடிவம் செம்மண் நிறத்தில் பளிச்சென்று எழும். இந்த வேலையையும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். படத்தின் மிகச் சந்தோஷமான நொடி அதுதான். அதை நாம் எடுத்துக்கொள்ளக்கூடாது.

என்ன நடந்தது? மஞ்சள்தூளின் எடையில் பொதுவாக 2 முதல் 5 சதவீதம் வரைதான் குர்குமின் குடும்பத்துச் சேர்மங்கள். குர்குமின் மூலக்கூறில் இரண்டு பக்கமும் இரண்டு வளையங்கள், நடுவில் ஏழு கார்பன் அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. இந்த அமைப்பு சூரிய ஒளியில் ஊதாவும் நீலமும் கலந்த பகுதியை விழுங்கிக்கொள்கிறது. மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. விழுங்கிய ஆற்றலைத் தாங்கமுடியாமல் சங்கிலி அறுகிறது. அறுந்த துண்டுகளுக்கு நிறம் கிடையாது. அந்தத் துண்டுகளில் ஒன்று வனிலின், ஐஸ்கிரீமில் நாம் முகர்கிற அதே வனிலா வாசனைப் பொருள். இலையின் நிழலில் இருந்த குர்குமின் மட்டும் அறுபடாமல் தப்பித்துவிடுகிறது.

சோடா செய்வது வேறு வேலை. காரத்தன்மை ஏறும்போது குர்குமின் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுக்கிறது. உடனே அது விழுங்கும் ஒளி நீலத்திலிருந்து பச்சைப் பக்கம் நகர்கிறது; நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வினைதான். சிவந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பழைய மஞ்சள் திரும்பும். எதிர்பாராத இந்தத் திருப்பத்தைப் பிள்ளை ஒரு ஓரத்தில் செய்து பார்க்கட்டும்.

செடிச் சாற்றையும் வெயிலையும் வைத்துப் படம் எடுக்கலாம் என்று முறையாக ஆராய்ந்தவர் ஜான் ஹெர்ஷல். வானியலாளர். 1842இல் பூச்சாறு பூசிய தாள்கள் சூரிய ஒளியில் எப்படி வெளுக்கின்றன என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதே வேலையில் இன்னொருவரும் இறங்கியிருந்தார்: மேரி சோமர்வில். 1845இல் ரோமிலிருந்து ஹெர்ஷலுக்குக் கடிதமாக அவர் எழுதிய சோதனை முடிவுகளின் ஒரு பகுதியை ராயல் சொசைட்டி அடுத்த ஆண்டு வெளியிட்டது. அந்தச் சொசைட்டி பெண்களை உறுப்பினராக்கியது அதற்கும் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1945இல்தான். சோமர்வில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கணிதமும் இயற்பியலும் எழுதியவர். வீட்டுக்கு ஆள் வந்தால் எழுதுவதை மூடிவைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியிருந்ததைத் தன் நினைவுக்குறிப்பில் பதிந்திருக்கிறார். துண்டு துண்டாகக் கிடைத்த நேரத்தில் வேலை செய்யப் பழகிய அவருடைய சோதனை இன்றைக்கும் அப்படிப்பட்ட நேரத்துக்குப் பொருந்துவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த முறை புகைப்படத் தொழிலாக வளரவில்லை. பெரும்பாலான பூச்சாறுகளுக்கு வெயில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் வேண்டும். அதோடு படத்தை நிலைநிறுத்த வழியில்லை. வெளிச்சம் படப்பட மிச்ச நிறமும் போய்விடும். நம் மஞ்சள் படமும் அப்படித்தான். வெயில் விழாத சுவரில் மாட்டவோ புத்தகத்துக்குள் வைக்கவோ சொல்லிக் கொடுக்க வேண்டும். சிவப்பு நாளடைவில் பழுப்பாகும்.

பிள்ளை செய்தது கோணலாக வந்துவிட்டதே என்று சிலர் ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஒன்று செய்து வைத்துவிடுகிறார்கள். வேண்டாம் என்பேன். 2012இல் மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சோன், டேன் ஏரியலி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், காகிதக் கொக்கும் தவளையும் மடிக்கத் தெரியாதவர்களை மடிக்கச் சொன்னார்கள். கசங்கலான தங்கள் கொக்குக்கு அவர்கள் கொடுக்க முன்வந்த விலை, வெளியாட்கள் அதே கொக்குக்குச் சொன்ன விலையைவிடப் பல மடங்கு. ஆனால் வேலை பாதியில் நிறுத்தப்பட்டால் அந்தப் பாசம் பெரிதாக வரவில்லை. பரபரப்பான வீட்டுக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது: முடியாமல் கிடக்கும் பெரிய பொம்மை வீட்டைவிட, அன்றைக்கே முடிந்துவிடும் ஒரு சின்ன இலைப்படம் பிள்ளைக்கு அதிகம் தரும். கொடுப்பதிலும் இப்படியொரு கண்டுபிடிப்பு உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே 2012இல், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் தின்பண்டம் வாங்கும்போது இருந்ததைவிடக் கொடுக்கும்போது அதிகம் மலர்ந்திருந்ததைப் பதிவு செய்தார்கள். தங்கள் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது மலர்ச்சி இன்னும் கூடியது.

மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. அப்போது மஞ்சள் பூசிய தாளில் சோப்புத் தண்ணீரைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு வரைந்தாலே சிவப்புப் பூ மலரும். ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் அம்மாவுக்கு வாழ்த்து அட்டை செய்ய என்றே இந்தச் சோதனையை வைத்திருந்தார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் தாத்தாவின் பழைய போட்டோவை ஜெராக்ஸ் கடையில் கண்ணாடித் தாளில் கறுப்பாக அச்சிட்டு, இலைக்குப் பதில் வைத்துப் பார்க்கலாம். கறுப்பு விழுந்த இடம் நிழலாகி நிறத்தைக் காப்பாற்றும். தாத்தாவின் மீசை அப்படியே மஞ்சளில் வந்து நிற்கும். அதற்கு எத்தனை மணி நேரம் வெயில் வேண்டும் என்பதை மஞ்சள் பூசிய ஒரு துண்டுத் தாளில் முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது: அட்டையால் மூடி, மணிக்கு ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டே போனால், முழுதாக வெளுத்த பட்டைகளில் எது மிகக் குறைந்த நேரம் வெயில் பட்டதோ அதுவே கணக்கு.