தரைக்குக் குணம் தந்த பந்தயம்

ராலி என்னும் கார்ப் பந்தயம் வழவழப்பான வட்டப் பாதையில் நடப்பதன்று. மணலும் சரளையும் சேறும் மாறி மாறி வரும் காட்டு வழிகளிலும் மலை வழிகளிலும், பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் அடுத்த வளைவின் தன்மையை முன்கூட்டியே உரக்கச் சொல்ல, ஓட்டுபவர் காலத்தோடு போட்டியிடும் பந்தயம் அது. இதனை வீடியோ விளையாட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்த யந்திரங்களுள், ஜப்பானின் சேகா நிறுவனத்தார் 1994இல் வெளியிட்ட ‘சேகா ராலி சாம்பியன்ஷிப்’ பிரசித்தி பெற்றது.

முந்தைய பந்தய விளையாட்டுகள் பலவற்றில் தரை வெறும் சித்திரமாகவே இருந்துவந்தது. இந்த யந்திரமோ ஒவ்வொரு பரப்புக்கும் வெவ்வேறு உராய்வைக் கணித்துக் காரின் கதியை நிர்ணயித்தது. தார்ச் சாலையில் பிடிப்போடு ஓடிய டொயோட்டா செலிக்கா, சரளையில் இறங்கிய மாத்திரத்தில் வழுக்கத் தொடங்கும். வளைவு வருமுன்பே வேகத்தைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டியரிங்கை ஒடித்து, காரின் பின்புறம் வெளியே வீசப்படும் தறுவாயில் அதை எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடியும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவனே நேரம் நஷ்டமின்றி வெளியே வருவான். பிரேக்கை மட்டும் நம்பியவன் பின்தங்குவான். செலிக்காவுக்கு ஈடாக லான்சியா டெல்டாவும் உண்டு. ஒளித்துவைக்கப்பட்ட மூன்றாவது காரான லான்சியா ஸ்ட்ராடோஸ், பின்சக்கரங்களால் மட்டுமே உந்தப்படுவதால், பழகாதவனைச் சுழற்றிவிடும்.

மறு ஆண்டே இது வீடுகளுக்கான சாட்டர்ன் கருவிக்கு மாற்றப்பட்டது. கூடத்து யந்திரத்தில் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்ட காட்சி அங்கே பாதியாகக் குறைந்தபோதிலும், ஓட்டும் சுகம் குறையவில்லை என்று விமர்சகர்கள் மெச்சினர். பாலைவனம், காடு, மலை, இவற்றை வென்றவர்க்கு மட்டும் திறக்கும் ஏரிக்கரை என நான்கே பாதைகள் இருப்பதுதான் பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. குறை நியாயமானதே. ஆயினும், தமது முந்தைய ஓட்டத்தின் நிழல் முன்னே செல்ல, அதே வளைவில் விநாடியின் ஒரு பின்னத்தை மிச்சப்படுத்த விடாது முயன்ற ரசிகர்களுக்கு அந்த நான்கே போதுமாயிருந்தன என்று கருத இடமுண்டு.

பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 1998இல் ‘காலின் மக்ரே ராலி’யை வெளியிட்டபோது, காரின் நடத்தைக்குச் சேகா ராலியையே ஆதாரமாகக் கொண்டதை அதன் கர்த்தாக்கள் ஒளிக்கவில்லை. பாதைகளுக்கு மட்டும் அவர்கள் சுவீடன் முதல் நியூசிலாந்து வரை எட்டு ராலிகளைத் தேடிப் போனார்கள்.