உங்களுக்குத் தெரியுமா? தோற்றவர் ஜெயித்த கதை

கட்டி முடித்த அணுமின் நிலையத்தை ஒரு நாள்கூட ஓட்டாமல் பூட்டி வைத்த நாடு ஆஸ்திரியா. டான்யூப் நதிக்கரையில் ஸ்வென்டன்டோர்ஃப் என்ற ஊரில் நிலையம் தயாராக நின்றது. திறக்கலாமா என்று 1978 நவம்பர் 5 அன்று மக்களிடமே கேட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவீதம். வித்தியாசம் முப்பதாயிரம் வாக்குகூட இல்லை!

வேடிக்கை அதற்குப் பிறகுதான். நிலையத்தை ஆதரித்த அரசுத் தலைவர் (சான்சலர்) புரூனோ கிரைஸ்கி, தோற்றால் பதவி விலகக்கூடும் என்று வாக்கெடுப்புக்கு முன் கோடி காட்டியிருந்தார். வந்தது வம்பு! அணுசக்தியில் பெரிய ஆட்சேபம் இல்லாத எதிர்க்கட்சிக்காரர்களில் பலரும், ஆளை வீட்டுக்கு அனுப்ப இதுதான் சமயம் என்று 'வேண்டாம்' போட்டார்கள். அவர் விலகவில்லை. டிசம்பரிலேயே அணுமின் உற்பத்தியைத் தடைசெய்யும் சட்டம் வந்தது, பேச்சு அடங்கியது. 1979 மே தேர்தலில் கிரைஸ்கியின் சோஷலிஸ்ட் கட்சி 51 சதவீத வாக்குகளை அள்ளியது. அந்தக் கட்சி அதுவரை காணாத வெற்றி. அணு உலையால் கெட்ட பெயர் எடுத்திருக்க வேண்டியவர், அது ஓடாததால் பிழைத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1999-இல் இந்தத் தடை அரசியல் சாசன அந்தஸ்தும் பெற்றது. அந்த உலை? சுற்றுலாப் பயணிகள் சாதாரண உடுப்பிலேயே உள்ளே போய், உலைக்கலத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். 2009 முதல் அதே வளாகத்தில் சூரிய மின்தகடுகள் மின்சாரம் தருகின்றன.