ராகாபின் பொய்யும் நமது பொய்யும்

எரிகோவின் ராகாப் அரசனுடைய ஆட்களிடம் கூறியது பொய்யே. வேவுகாரரைத் தன் வீட்டு மேல்தளத்தில் சணல் தட்டைகளுக்குள் மறைத்து வைத்துவிட்டு, அவர்கள் இருட்டியபோதே போய்விட்டனர் என்றாள் (யோசுவா 2). புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபமும் யாக்கோபின் நிருபமும் அவளைப் போற்றுகின்றன. எனினும் அவை அவளது விசுவாசத்தையும், வந்தவர்களை அவள் ஏற்றுக்கொண்டதையும் கூறுகின்றனவேயன்றி, அவளது நா உரைத்ததைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. இம்மௌனத்தினின்று திருச்சபையில் நீண்ட வாதமொன்று பிறந்தது.

அகுஸ்தீன் இப்பொருள்பற்றி இரு நூல்கள் எழுதினார். 420ஆம் ஆண்டையொட்டி எழுதிய இரண்டாவது நூலில், மறைந்து வாழும் பிரிஸ்கில்லியன் கூட்டத்தாரைக் கண்டுபிடிக்க அவர்களைச் சேர்ந்தவர்போல் நடிக்கலாமா என்ற கேள்விக்குக் கூடாது என்றே விடையளித்தார். எகிப்தின் மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மை செய்தது அவர்களுடைய இரக்கத்திற்காகவேயன்றிப் பொய்க்காக அன்று என்பது அவர் கருத்து. 395ஐ ஒட்டிய முதல் நூலில் தகாஸ்தே நகரத்து ஆயர் பிர்முஸ் என்பவரை எடுத்துக்காட்டுகிறார். தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனைத் தேடிவந்த அரசாங்க அதிகாரிகளிடம் அவர், தாம் பொய் சொல்லவும் மாட்டார், காட்டிக்கொடுக்கவும் மாட்டார் என்றாராம். வாதித்தும் அவர் வாய் திறக்கவில்லை. இறுதியில் பேரரசரே வியந்து அம்மனிதனை மன்னித்தார்.

இதனை வாசிக்குந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது. ஆயினும் பிர்முஸ் விலையாகக் கொடுத்தது தம் சொந்த உடலையே. மருத்துவச்சிகள் உண்மை பேசியிருப்பின் விலையாகியிருப்பவை பிறர் பெற்ற பச்சிளங்குழந்தைகள். கொலைகாரன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் கூறலாகாது என 1797இல் எழுதிய காண்ட் என்னும் தத்துவஞானி இவ்வேறுபாட்டைக் காண மறுத்தார் எனலாம்.

கேட்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டா என்று வினவியவர் போன்ஹோபர். 1943இல் கைதாகி டேகல் சிறையிலிருந்தபோது, உண்மை பேசுதல் என்றால் என்ன என்பதைக் குறித்து ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். ஹிட்லருக்கு எதிரான முயற்சியில் உடன் உழைத்தோரை விசாரணையில் மறைத்துக் காக்க வேண்டிய நிலையிலிருந்தவர் அவர். அக்கட்டுரையில் ஓர் ஆசிரியர் வகுப்பின் நடுவே ஒரு சிறுவனை நோக்கி, உன் தகப்பன் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவதுண்டா என்கிறார். உண்டு என்பதே உண்மை, சிறுவனோ மறுக்கிறான். அப்பொய்யின் குற்றம் ஆசிரியரையே சாரும் என்கிறார் போன்ஹோபர். குடும்பத்திற்குள் நுழைந்து அதனைக் கேட்க அவருக்கு உரிமையில்லை.

இவ்வளவும் வகுப்பில் கற்பித்து வருபவன் நான். சில ஆண்டுகளுக்குமுன் என் சபையார் ஒருவர் புற்றுநோயால் படுக்கையிலிருந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று வீட்டார் கெஞ்சினர். அவரோ என் கையைப் பற்றி, “ஐயா, நான் பிழைப்பேனா?” என்றார். பிழைப்பீர்கள் என்றேன். அன்றிரவு ராகாபை நினைத்து ஆறுதல் தேடினேன், கிட்டவில்லை. அவ்வறையில் அரசனுடைய ஆட்கள் எவருமில்லை. கேட்டவர் தம் சாவைக் குறித்தே கேட்டார். அதனைக் கேட்க அவரைவிட உரிமையுடையவர் யார்? பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம்பி ஒருவர் அவருக்கு உண்டு. அவரை அழைத்துவரச் சொல்ல மூன்று வாரங்கள் மீதியிருந்தன. அதனை அவர் அறியவில்லை, நான் அறிந்திருந்தேன்.