பைகால் கரையிலே

சைபீரியா என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன பனியும் சிறைக்கூடமுமே. அவ்விரண்டும் அங்கே இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கிழக்குச் சைபீரியாவில் இர்க்குட்ஸ்க் மாநிலம் என்றொரு பகுதி உண்டு. கண்டு களிக்கத்தக்க இடங்கள் அங்கே பல. அவற்றுள் மனிதர் ஆக்கியவற்றை நோக்கினால், ஆக்கியவருட் பலர் அம்மண்ணிற் பிறந்தவரல்லர் என்பது தெரியவரும். தண்டனை பெற்றும், பிழைப்பு நாடியும், கணவனைப் பின்பற்றியும் நெடுந்தூரத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். பிறந்த ஊரை விட்டு வந்து வேறோரிடத்தில் வேரூன்றி வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு அப்பிரதேசத்தைப் பற்றிச் சில செய்திகள் கூற விரும்புகிறோம்.

நாம் இன்னும் அங்கே சென்றோமில்லை. புகைவண்டி இலாகாவில் டிக்கட் எழுதுவோர் பிறரை வழியனுப்பியே பழகியவர்கள். எனினும் சில ஆண்டுகளாகவே அப்பகுதியின் படத்தையும் வண்டி அட்டவணையையும் வைத்துக்கொண்டு பொழுதுபோக்குவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

மாஸ்கோவிலிருந்து இர்க்குட்ஸ்க் நகரம் 5,185 கிலோமீட்டர். வண்டியில் மூன்றரை நாட்களுக்கு மேற்பட்ட பிரயாணம். ருஷ்ய இருப்புப் பாதையின் அகலம் 1,520 மில்லிமீட்டர். நம் நாட்டு அகலப் பாதையோ 1,676. அகலத்தில் நாமே பெரியவர்கள் என்று நம் இலாகா அன்பர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். நீளத்தில் அவர்களோடு போட்டியிட வேண்டா. மற்றொரு விசித்திரம், அந்நாட்டு வண்டிகளின் நேரம். இர்க்குட்ஸ்க் கடிகாரம் மாஸ்கோவுக்கு 5 மணி முந்தியது. ஆனால் டிக்கட்டிலும் அட்டவணையிலும் நாடு முழுவதற்கும் மாஸ்கோ நேரமே வழங்கி வந்தது. காலை எட்டு மணிக்குப் பலகாரம் முடித்து நிலையம் வந்தவர், அங்குள்ள கடிகாரத்தில் பின்னிரவு மூன்று மணியைக் காண்பார்! எத்தனை பேர் வண்டியைத் தவறவிட்டனரோ! 2018 ஆகஸ்டு முதல் டிக்கட்டுகளில் அந்தந்த ஊர் நேரமே குறிக்கப்படுகிறது.

இர்க்குட்ஸ்க் 1661இல் ஒரு மரக்கோட்டையாகத் தோன்றியது. 1879இல் பெருந்தீ அந்நகரின் பெரும்பகுதியை எரித்தது. அதற்குப் பின்னும் மக்கள் மரத்தாலேயே பல வீடுகளைக் கட்டினர். சாளரங்களைச் சுற்றிப் பூவேலைச் சித்திரம் செதுக்கிய அவ்வீடுகளைத் தெருத்தெருவாக நடந்து காணலாம். ஆனால் நாம் அந்நகரில் முதலிற் காண விரும்புவது வேறு இரண்டு வீடுகள்.

1825 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இராணுவ அதிகாரிகள் சிலர், ஜார் மன்னரின் எதேச்சாதிகாரத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒரே நாளில் ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டில் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். டிசம்பரிஸ்டுகள் என்று சரித்திரம் அவர்களைக் குறிக்கிறது. அவர்களுடைய மனைவியர் சிலர் தாமும் உடன் செல்வதாகக் கூறினர். அரசாங்கம் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. குலப் பட்டத்தையும் உரிமைகளையும் துறத்தல் வேண்டும்; முன்பு பிறந்த குழந்தைகளை விட்டுச் செல்லுதல் வேண்டும். அந்நிபந்தனைகளுக்கு உடன்பட்டு முதலிற் புறப்பட்டவர் எக்காதெரினா துருபெத்ஸ்காயா. இர்க்குட்ஸ்க் கவர்னர் அவரை மேலே செல்லவொட்டாமல் மாதக்கணக்கில் தடுத்து வைத்தும் அவர் மனம் மாறவில்லை. அடுத்துச் சென்ற மரியா வால்கோன்ஸ்காயாவுக்கு அப்பொழுது வயது இருபதை ஒட்டியதே. கைக்குழந்தையை உறவினரிடம் ஒப்படைத்துச் சென்றார். 1828இல் அக்குழந்தை இறந்தது. தாய் அதன் முகத்தை மீண்டும் காணவேயில்லை. சுரங்கத்திற் கணவரைச் சந்தித்தபோது, அவர் காலில் பூட்டியிருந்த விலங்கை மண்டியிட்டு முத்தமிட்ட பின்னரே அவரைத் தழுவிக்கொண்டதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கடின உழைப்புத் தண்டனை முடிந்த பின்னர் அவ்விரு குடும்பங்களும் இர்க்குட்ஸ்க் வட்டாரத்திற் குடியமர்ந்தன. வால்கோன்ஸ்கி வீட்டில் இசையும் நூல்களும் விருந்தும் நிறைந்திருந்தன. எல்லைப்புற வியாபார நகருக்குக் கலைப்பயிற்சி பெருமளவு அவ்வீட்டின் வழியே வந்தது. அவ்வீடும் துருபெத்ஸ்கோய் பெயரால் வழங்கும் வீடும் இன்று அருங்காட்சியகங்கள். கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கும் பழைய பியானோ ஒன்று வால்கோன்ஸ்கி வீட்டில் இருக்கிறது. டிசம்பரிஸ்டுகளுக்கு மன்னிப்புக் கிடைத்த ஆண்டு 1856. எக்காதெரினா அம்மையாரோ 1854இலேயே காலமாகிவிட்டார். நகரிலுள்ள ஸ்னமென்ஸ்கி மடத்து வளாகத்தில் அவருடைய கல்லறை உள்ளது. ஊர் திரும்பும் உரிமை இரண்டு ஆண்டுகள் பிந்தி வந்தது.

நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் சென்றால் லிஸ்ட்வியங்கா என்னும் கரையோர ஊர். அங்கே பைகால் கண்ணில் விரிகிறது. ஏரி என்று சொல்லுகிறோம். 636 கிலோமீட்டர் நீளமும் 1,642 மீட்டர் ஆழமும் உடையதை வேறெவ்வாறு அழைப்பதென்று தெரியவில்லை. உலகிலே இதனினும் ஆழமான ஏரி இல்லை. நிலத்தின் மேல் உறையாது கிடக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதனுள் அடங்கியிருக்கிறது. நன்னீரிலேயே வாழும் நெர்ப்பா என்னும் சீல் பிராணி இங்கன்றி வேறெங்கும் இல்லை. முந்நூறுக்கு மேற்பட்ட ஆறுகள் ஏரியில் வந்து விழ, வெளியேறுவது அங்காரா ஒன்றே. தகப்பனாகிய பைகாலுக்குத் தெரியாமல் காதலனாகிய எனிசெய் நதியை நாடி ஓடிய மகள் அவள் என்றும், சினங்கொண்ட தகப்பன் வீசியெறிந்த பாறையே ஆற்றின் வாயில் நிற்கிறதென்றும் அவ்வூர்க் கதை கூறும். நீர்மட்டம் உயர்ந்துவிட்டமையால் பாறையின் முடி மட்டுமே இப்பொழுது வெளியே தெரிகிறது. ஏன் உயர்ந்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இனி நம் இலாகா விஷயத்துக்கு வருவோம். சைபீரியப் பாதை 1898இல் இர்க்குட்ஸ்கை எட்டியது. ஆனால் ஏரியின் தென்மேற்குக் கரை செங்குத்தான பாறை. ஆகவே வண்டித்தொடரையே ஏற்றிக்கொண்டு பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் 'பைகால்' என்னும் கப்பலை இங்கிலாந்தின் நியூகாசிலில் செய்வித்துப் பகுதி பகுதியாகக் கொணர்ந்து கரையிற் பூட்டினர். துணைக்கு 'அங்காரா' என்றொரு கப்பல். 1904இல் ஜப்பானோடு போர் மூண்டது. கடுங்குளிரில் கப்பல்கள் ஓடவில்லை. படையும் தளவாடமும் கிழக்கே சென்றாக வேண்டும். உறைந்த ஏரியின் மீதே தண்டவாளம் பரப்பினர்! எஞ்சின்களைப் பிரித்தெடுத்தும், வண்டிகளைக் குதிரைகளால் இழுத்தும் அக்கரை சேர்த்தனர். அந்த அதிகாரிகளின் இரவுத் தூக்கத்தை எண்ணிப் பார்க்க நம்மால் முடிகிறது.

இதற்கிடையே பாறையைக் குடைந்து கரைப்பாதையும் அமைந்து கொண்டிருந்தது. 1905இல் அது நிறைவெய்தியது. பைகால் துறைமுகத்திலிருந்து ஸ்லியுதியங்கா வரை 80 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் ஏறத்தாழ 40 சுரங்க வழிகள். அவற்றோடு பாலங்களும் கல்லால் எழுப்பிய தாங்கு சுவர்களும் எண்ணற்றன. கல் வேலைக்கு இத்தாலியிலிருந்தும் கொத்தர்கள் வந்திருந்தனர். ருஷ்யாவின் எஃகுக் கச்சைக்குப் பொற்கொக்கி என்று இப்பாதையைப் புகழ்ந்தனர். ஸ்லியுதியங்கா நிலையமோ முழுவதும் அவ்வூர்ப் பளிங்குக் கல்லாலேயே கட்டப்பட்டது.

அத்தகைய பாதையின் கதி யாதாயிற்று? அங்காரா நதியில் இர்க்குட்ஸ்க் அருகே 1950களில் மின்சார அணை எழுந்தது. ஆற்றங்கரையை ஒட்டி நகரிலிருந்து துறைமுகம் வந்த பாதை 1956இல் நீர்த்தேக்கத்துள் மறைந்தது. ஏரியின் மட்டமும் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. பிரதான வண்டிகள் மலைவழியே அமைத்த புதுப் பாதையில் செல்லலாயின. பொற்கொக்கி கிளைப் பாதையாகித் துறைமுகத்தில் முட்டி நின்றது. அதன் பயனாகவே இன்று அது உல்லாசப் பிரயாணிகளுக்கு உரியதாயிற்று. சுரங்க வாயிலிலும் பாலத்தருகிலும் நின்று நின்று செல்லும் சுற்றுலா வண்டி ஒரு பகற்பொழுதை எடுத்துக்கொள்கிறது. இம்மாநிலத்தில் ஒன்றே ஒன்றுதான் காண இயலுமென்றால் இதையே காண்க என்போம். இலாகா அபிமானம் என்று அன்பர்கள் நகைத்தாலும் நகைக்கட்டும். 'பைகால்' கப்பல் 1918இல் உள்நாட்டுப் போரில் அழிந்தது. 'அங்காரா' இர்க்குட்ஸ்க் நகரில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

அணைகள் கொண்ட விலை தண்டவாளம் மட்டுமன்று. அங்காராவில் அடுத்தடுத்து எழுந்த அணைகளால் ஊர்கள் பல மூழ்கின. 17ஆம் நூற்றாண்டிற் பிறந்த இலிம்ஸ்க் என்னும் பழம்பதி 1970களில் நீருக்குள் சென்றது. அதன் மரக்கோட்டையின் 1667ஆம் ஆண்டுக் கோபுரத்தைப் பிரித்தெடுத்து வந்து, லிஸ்ட்வியங்கா சாலையில் 47ஆம் கிலோமீட்டரில் உள்ள தால்ட்ஸி திறந்தவெளிக் காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தியிருக்கின்றனர். அங்காராக் கரையிற் பிறந்த எழுத்தாளர் வாலந்தீன் ரஸ்புட்டீன், அணைநீருக்கு இரையாகும் ஒரு தீவுக் கிராமத்தைப் பற்றி 1976இல் நாவல் எழுதினார். தால்ட்ஸிக்குச் செல்வோர் அதை முன்பே படித்திருத்தல் நன்று. தென்கரையில் பைகால்ஸ்க் ஊரில் 1966இல் தொடங்கிய காகிதக்கூழ் ஆலையை எதிர்த்துக் குரலெழுப்பியவர்களுள் அவரும் ஒருவர். ஆலை 2013இல் மூடப்பட்டது. கழிவு இன்னும் கரையிலே தேங்கிக் கிடக்கிறது. அதை அகற்றும் வேலை எளிதாக இல்லை.

நாள் மிகுதியாக உள்ளவர்கள் ஓல்கோன் தீவுக்கும் செல்லலாம். பைகாலின் தீவுகளுள் பெரியது. புரியாத் மக்கள் தெய்வமாகப் போற்றும் பாறை அதன் கரையில் இருக்கிறது. கோடையில் படகும், நடுக்குளிரில் உறைந்த ஏரியின் மேலேயே சாலையும் உண்டு.

போக எண்ணுவோர்க்குச் சில குறிப்புகள். 2022இல் உக்ரைன் போர் மூண்டபின் வெளிநாட்டு வங்கிச் சீட்டுகள் பல ருஷ்யாவில் செல்லுவதில்லை. கையில் ரொக்கம் வேண்டும். புறப்படுமுன் நம் அரசாங்கத்தின் பிரயாண எச்சரிக்கையையும் பார்த்துக்கொள்ளுக. ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் குடும்பத்தோடு செல்லத் தக்கவை. பனிக்கட்டியின் மேல் நடக்க விரும்புவோர் பிப்ரவரி இறுதியையும் மார்ச்சையும் தேர்க. தீவுக்கும் கரைப்பாதைக்கும் செல்ல நேரமில்லாதவர்கள், இர்க்குட்ஸ்கிலிருந்து கிழக்கே செல்லும் சாதாரண வண்டியிலேனும் ஏறிக்கொள்ளலாம். ஸ்லியுதியங்கா தாண்டிச் சுமார் 200 கிலோமீட்டர் வரை ஏரி உடன் வரும். இடப்புறச் சாளரத்தருகே இடம் கேட்டு வாங்குக.