டேபிள் சா வாங்கப் போறீங்களா? மோட்டார் பவருக்கு முன்னாடி பிளேடுக்குப் பின்னாடி பாருங்க!

வில்லியனூர், பாகூர் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி ஒரு கொட்டகை இருந்தா போதும். புயல்ல சாய்ஞ்ச வேம்பு, கிணத்தோரம் நின்ன பூவரசு, பழைய வீட்டைப் பிரிச்சப்போ கிடைச்ச தேக்கு உத்தரம்னு ஏதாவது மரம் வந்து சேர்ந்துடும். யூடியூப்ல நாலு வீடியோ பார்த்ததும், 'நாமளே கட்டில், ஷெல்ஃப் பண்ணினா என்ன?'ன்னு தோணும். அடுத்து தேடுறது டேபிள் சா. மேஜைக்கு அடியில மோட்டார், மேல எட்டிப் பார்க்கிற வட்ட ரம்பம். மரத்தைத் தள்ளினா நூல் பிடிச்ச மாதிரி அறுத்துக் கொடுக்கும்.

ஆனா, வொர்க்‌ஷாப்ல விரலுக்கு அதிக ஆபத்தான மெஷின்கள்ல இதுவும் ஒண்ணு. அதனால விலை, வாட்ஸ் பார்க்கிறதுக்கு முன்னாடி வேற ஒண்ணைப் பார்க்கணும்.

அந்தச் சின்னத் தகடு

பிளேடுக்குப் பின்னாடி, அதே வளைவுல, துடுப்பு மாதிரி ஒரு மெல்லிய தகடு நிக்கும். பேரு 'ரிவிங் நைஃப்'. பிளேடை ஏத்தி இறக்கினா இதுவும் கூடவே ஏறி இறங்கும்.

இது எதுக்கு? 10 இன்ச் பிளேடு நிமிஷத்துக்கு 3,650 சுத்து சுத்தினா, பல்லோட வேகம் மணிக்கு சுமார் 175 கிலோமீட்டர். முன்பக்கப் பல் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்தி அறுக்கும்; பின்பக்கப் பல் மேல்நோக்கி எழும்பும். அறுபட்ட மரம் திரும்ப மூடிக்கிட்டு பிளேடை இறுக்கிட்டா, பின்பக்கப் பல் அதைத் தூக்கி உங்க மேலேயே எறியும். இதுதான் 'கிக்பேக்'. மரத்தோட சேர்ந்து கையும் பிளேடு மேல இழுபடலாம். அறுத்த இடைவெளிக்குள்ள நின்னு, மரம் மூடாம தடுக்கிறது இந்தத் தகடுதான்.

மார்பிள் கட்டரைப் பிளைவுட்டுக்கு அடியில கவுத்து மாட்டி, சுவிட்சைக் கட்டி வெச்சு 'கம்மி செலவுல டேபிள் சா' செய்யுற வீடியோக்கள் நிறைய. அதுல தகடும் இல்ல, பிளேடு மூடியும் இல்ல, அவசரத்துக்கு அமுக்க சுவிட்சும் இல்ல. அந்தச் சிக்கனம் வேண்டவே வேண்டாம். விரல் பட்டதும் சில மில்லி செகண்டில் பிளேடை நிறுத்துற 'சாஸ்டாப்' மாதிரி தொழில்நுட்பம் அமெரிக்காவுல இருக்கு. சாதாரண பட்ஜெட் மெஷின்ல அது கிடையாது. நமக்குக் காவல் இந்தத் தகடும், மூடியும், நம்ம நிதானமும்தான்.

கடையில என்ன பார்க்கணும்?

* ரிவிங் நைஃப், பிளேடு மூடி, புஷ் ஸ்டிக் மூணும் கூடவே வருதா?
* மரத்தைச் சாய்ச்சுத் தள்ள உதவுற ஃபென்ஸை லாக் பண்ணிட்டு ஆட்டிப் பாருங்க. ஆடினா வாங்காதீங்க.
* முட்டியாலயும் அணைக்கிற மாதிரி பெரிய ஆஃப் சுவிட்ச் இருக்கா?
* வீட்டு வேலைக்கு 1,500 - 2,000 வாட்ஸ், 10 இன்ச் பிளேடு தாராளம்.
* நீளவாக்குல அறுக்க 24 பல், பொது வேலைக்கு 40, பிளைவுட்டுக்கு 60 பல் பிளேடு.

பிளைவுட் மட்டும்தான் அறுப்பீங்கன்னா டேபிள் சாவே தேவையில்ல. கையில பிடிக்கிற சர்க்குலர் சாவும், கிளாம்ப் போட்ட ஒரு நேர்க்கட்டையும் போதும்.

கொட்டகையைத் தயார் பண்ணுங்க

8 அடிப் பலகையை அறுக்க, பிளேடுக்கு முன்னாடி 8 அடி, பின்னாடி 8 அடி காலி இடம் வேணும். தரை மண்ணா இருந்தா சிமென்ட் போட்டு மட்டம் பார்த்துடுங்க. மெஷின் ஆடக் கூடாது.

1,800 வாட்ஸ் மெஷின் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் அதிகம். அதனால ஃபேன், லைட்டுக்கான 6 ஆம்பியர் பிளக்ல சொருகாதீங்க. 16 ஆம்பியர் பிளக், 2.5 ஸ்கொயர் எம்.எம் செம்பு வயர், நல்ல எர்த், ஆர்.சி.சி.பி இதெல்லாம் எலெக்ட்ரீஷியனை வெச்சே போடுங்க. 2024 டிசம்பர்ல, ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள்ள வந்தது ஞாபகம் இருக்கும். பிளக் பாயின்ட்டை உயரத்துல வைங்க. மழைக்காலத்துல மெஷினையும் மேல ஏத்திடுங்க.

முதல் வெட்டுக்கு முன்னாடி

பிளக்கைக் கழட்டிட்டு இதையெல்லாம் செய்யுங்க.

பிளேடுல ஒரு பல்லுக்கு மார்க்கர்ல குறி போடுங்க. மேஜையில இருக்கிற மைட்டர் பள்ளத்துல இருந்து அந்தப் பல் வரைக்கும் முன்பக்கம் ஒரு தடவை அளங்க. பிளேடைச் சுத்தி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் இன்னொரு தடவை அளங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அடுத்து ஃபென்ஸும் பிளேடுக்கு இணையா நிக்குதான்னு பாருங்க. பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ஞ்சிருந்தா கிக்பேக் நிச்சயம் வரும்னு வெச்சுக்கோங்க. பிளேடு நேரா நிக்குதான்னு மூலைமட்டம் வெச்சுப் பார்த்துடுங்க.

மரமும் தயாரா இருக்கணும். உருண்டைக் கட்டையை மேஜையில வைக்காதீங்க, உருண்டுடும். சா மில்லுல பலகையா அறுத்து, நிழல்ல காய விடுங்க. ஒரு இன்ச் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம்ங்கிறது பழைய கணக்கு. ஈர மரம்தான் பிளேடை அதிகமா இறுக்கும். பழைய உத்தரமா இருந்தா காந்தம் வெச்சு ஆணி தேடுங்க.

தினமும் ஞாபகம் வெச்சுக்க

பிளேடு மரத்துக்கு மேல கொஞ்சம்தான் தெரியணும். பிளேடுக்கு நேரா நிக்காம, சற்று விலகி நில்லுங்க. கடைசி அரை அடியைப் புஷ் ஸ்டிக்கால தள்ளுங்க. கையுறை வேண்டாம், பிளேடு அதைக் கையோட இழுத்துடும். லுங்கி, துப்பட்டா, தொங்குற செயின், கயிறு எதுவும் ஆகாது. கண்ணாடி, இயர் பிளக், மாஸ்க் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு ஐ.ஏ.ஆர்.சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கு.

அப்படியும் விரல் போயிட்டா? காயத்தை அழுத்திப் பிடிச்சு, கையைத் தூக்கி வைங்க. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல வைங்க. ஐஸ்ல நேரடியா போடக் கூடாது. உடனே 108. பாகூர்ல இருந்து கோரிமேடு ஜிப்மர் 20 கிலோமீட்டருக்கு மேல, நேரம் முக்கியம். அதனால தனியா இருக்கும்போது மெஷினை ஓட்டாதீங்க. கூப்பிட்டா குரல் கேட்கிற தூரத்துல யாராவது இருக்கட்டும்.