கன்று இரண்டடி... மரம் இரண்டரை சென்ட்! வீட்டுத் தோட்டத்தில் எந்தப் பழமரம் வைக்கலாம்?

நர்சரியில் பார்க்கும்போது எல்லாக் கன்றுகளும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். மா, பலா, கொய்யா, எலுமிச்சை என நான்கையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். சிக்கல் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். பலா காம்பவுண்டுச் சுவரோடு மல்லுக்கட்டும். மா, பக்கத்து வீட்டு மாடியில் இலை கொட்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எலுமிச்சை, வெயில் கிடைக்காமல் காய்க்காது. கடைசியில் மரம் வெட்ட ஆள் தேட வேண்டியதுதான். கன்றுக்குக் கொடுத்த காசு சின்னது. போன பத்து வருடம் திரும்பி வராது.

அதனால் பழமரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் நர்சரி அல்ல, உங்கள் வீட்டுப் புறவாசல். அம்பாசமுத்திரம் வட்டாரத்தை வைத்து, என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் இடக் கணக்கு

தோப்பில் ஒட்டு மாவை வழக்கமாக 10 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். அப்படியானால் ஒரு மரத்துக்கு 100 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். சப்போட்டாவுக்கு 8 மீட்டர். ஒன்றரை சென்ட்டுக்கு மேல் பிடிக்கும். கொய்யாவுக்கு 5 மீட்டர் இருந்தால் போதும். முக்கால் சென்ட்கூட வேண்டாம்.

5 சென்ட் மனை என்பது 2,178 சதுர அடி. அதில் 1,000 சதுர அடியில் வீடு கட்டினால் மிச்சம் 1,178 சதுர அடி. ஒரு முழு வளர்ச்சி மாமரமே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ‘ஒரு மா, ஒரு பலா, ஒரு சப்போட்டா’ என்ற ஆசைக்கு அங்கே இடமில்லை. செப்டிக் டேங்க், சுவர், மின்கம்பி ஆகியவற்றுக்கு அருகில் பெரிய மரம் வேண்டவே வேண்டாம்.

வயல் மனையா, செம்மண்ணா?

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது. அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இன்று பல வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. தண்ணீரைப் பிடித்து வைப்பது நெல்லுக்கு நல்லது. ஆனால், எலுமிச்சைக்கும் பப்பாளிக்கும் அதுவே எமன். வேரில் தண்ணீர் நின்றால் பப்பாளி ஓரிரு நாளிலேயே வாடத் தொடங்கிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையையும் தாமிரபரணி வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு எளிய சோதனை: இரண்டடி ஆழக் குழி தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அது வடிகால் இல்லாத மண். அங்கே குழிக்குள் நடாமல், ஒன்றரை அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். மலைப் பக்கச் செம்மண்ணில் வடிகால் பிரச்னை குறைவு. ஆனால், கோடையில் தண்ணீர் தவறாமல் ஊற்ற வேண்டும்.

காற்றும் காட்டு விலங்கும்

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றில் வாழையும் பப்பாளியும்தான் முதலில் சாயும். இவற்றை வீட்டின் கிழக்குப் பக்கம் வைத்தால் கட்டடமே காற்றுக்குத் தடுப்பாகிவிடும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக்கொடுக்க மறக்காதீர்கள்.

பாபநாசம், மணிமுத்தாறு போன்ற மலையடிவாரப் பகுதிகளில் இன்னொரு யோசனையும் வேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது. பழுத்து மணக்கும் பலா யானையையும் கரடியையும் வாசலுக்கே அழைக்கும். காட்டை ஒட்டிய வீடுகளில் பலா ஆசையை விட்டுவிடுவதுதான் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு.

எந்த மரம், எந்த ரகம்?

கொய்யா: சிறிய இடத்துக்கு முதல் தேர்வு. லக்னோ 49 ரகம் நம்பி வைக்கலாம். பதியன் கன்று இரண்டு, மூன்று வருடங்களில் காய்க்கும். புதுத் துளிரில்தான் பூ வரும் என்பதால், அறுவடை முடிந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிட வேண்டும். கைக்கெட்டும் உயரத்திலேயே மரமும் நிற்கும்.

எலுமிச்சை: புளியங்குடியும் கடையமும் எலுமிச்சைக்குப் பெயர்போன ஊர்கள். நம் பக்கத்து மரம் இது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம் 1 ரகம் வீட்டுக்கு ஏற்றது. இளந்துளிரில் காக்கை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அது பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கலாம். வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். ஒன்றிரண்டு செடிதான் என்றால் கையால் பொறுக்கினாலே போதும்.

பப்பாளி: பத்து மாதத்தில் பழம் தரும். கோ 2 போன்ற ரகங்களில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பூ வரும்வரை அடையாளம் தெரியாது. ஒரே ஒரு கன்று வைத்து அது ஆணாகிவிட்டால் ஏமாற்றம்தான். கோ 7 ரகத்தில் இந்தத் தொல்லை இல்லை.

வாழை: பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடம் வாழைக்குத்தான். ஏத்தன், கதலி, கோழிக்கூடு என உள்ளூர் ரகமே போதும். ஒரு தாரை வெட்டியதும் பக்கக்கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.

மா: வீட்டுக்கு ஒன்று போதும். நீலம் வருடம் தவறாமல் காய்க்கும். பங்கனபள்ளி ஒரு வருடம் கொட்டிக்கொடுத்து, மறு வருடம் ஓய்வெடுக்கக்கூடியது. இடம் குறைவென்றால், குட்டையாக வளரும் அம்ரபாலியை வைத்து, அறுவடைக்குப் பின் கவாத்து செய்துவந்தால் 12 அடிக்குள் அடக்கலாம்.

சப்போட்டா: தண்ணீர் தட்டுப்பாட்டைத் தாங்கும், மெதுவாக வளரும். பாலா மரக்கன்றின் மேல் ஒட்டுக்கட்டுவார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது பாலா, உடனே கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் சப்போட்டா போய் பாலா மட்டும் மிஞ்சும்.

குற்றால சீசனில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் ருசித்த கையோடு, அதன் கன்றையும் வாங்கி வருபவர்கள் உண்டு. அவை ஈரக்காற்றும் குளிர்ந்த நிழலும் கேட்பவை. அம்பாசமுத்திரத்துச் சித்திரை வெயிலுக்கு ஈடுகொடுப்பது கடினம்.

நர்சரியில் ஏமாறாமல் இருக்க...

மா, சப்போட்டா வாங்கும்போது தண்டின் அடிப்பகுதியில் ஒட்டுத் தழும்பைத் தேடுங்கள். தழும்பே இல்லையென்றால் அது விதைக்கன்று. நம் ஊர் மா ரகங்கள் பலவற்றில், விதையிலிருந்து வருவது தாய்மரத்தின் ருசியைத் தராது. காய்க்கவும் அதிக வருடமாகும். எலுமிச்சை மட்டும் விதிவிலக்கு. அதன் விதைக்கன்று பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும்.

பையில் இருக்கும்போதே காய் தொங்குகிறது என்று மயங்க வேண்டாம். வேர் பிடிக்க வேண்டிய சத்து காய்க்குப் போகிறது என்று அர்த்தம். பைக்குள் வேர் சுருண்டு கிடந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணைகளில் கேட்டு வாங்குவது நல்லது.

எப்போது, எப்படி நடுவது?

காற்று அடங்கி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வரும் புரட்டாசிதான் சரியான மாதம். மா, சப்போட்டாவுக்கு மூன்றடி நீள, அகல, ஆழக் குழி. கொய்யா, எலுமிச்சைக்கு இரண்டடி. இரண்டு வாரம் வெயில் படவிட்டு, மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் 1 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஒட்டு மாவில் முதல் மூன்று வருடம் வரும் பூவைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால், மரம் தேறுவது அதில்தான்.

5 சென்ட் மனைக்காரர்களுக்கு ஒரு யோசனை: கழிவுநீர்ப் பக்கம் இரண்டு வாழை, நல்ல வெயிலில் ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா, கிழக்கே இரண்டு பப்பாளி. இன்னும் இடமிருந்தால், கவாத்து செய்து வளர்க்க ஒரு மா. அடுத்த வருடமே பப்பாளியும் வாழையும் தட்டுக்கு வந்துவிடும்; மூன்றாம் வருடம் கொய்யா சேரும். மா பலன் தரும் வரை காத்திருக்கும் பொறுமையை இந்த மூன்றுமே கொடுத்துவிடும்.